காணாமல் போன கண்ட்ரோல்+ஆல்ட்+சி

நாள் முழுக்கப் பிரதி திருத்துகிறவர்களுக்கு இடது கை தானாகவே செய்துவிடும் ஓர் அசைவு இருக்கும். எனக்கு அது கண்ட்ரோல்+ஆல்ட்+சி. லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இந்த மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பக்க ஓரத்தில் கருத்துப் பெட்டி திறக்கும். ‘இந்தத் தகவல் இரண்டு பத்திக்கு முன்பே வந்துவிட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். நீளமான பிரதி என்றால் ஐந்நூறு கருத்துகள்கூடச் சேரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெட்டி திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பிழைச்செய்தி ஏதும் வரவில்லை. கர்சர் இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது.

மெனுவில் ‘இன்செர்ட்’டைத் திறந்து ‘காமெண்ட்’டைச் சொடுக்கினேன். பெட்டி ஒழுங்காகத் திறந்தது. இதை முதலிலேயே செய்து பார்த்தது நல்லதாயிற்று. கட்டளை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குப் போகும் வழிதான் எங்கேயோ அடைபட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவும் வேலை மிச்சம். கண்ட்ரோல்+வி ஒட்டாதபோதும் இதே முறையில் ஷிஃப்ட்+இன்செர்ட் அழுத்திப் பார்ப்பேன். ஐபிஎம் 1987இல் வெளியிட்ட பொது இடைமுக விதிகளின் காலத்திலிருந்து வரும் விசை அது. இன்றும் பெரும்பாலான நிரல்களில் வேலை செய்கிறது. அது ஒட்டினால், நகலெடுத்ததை வைத்திருக்கும் கிளிப்போர்டு சரியாக இருக்கிறது, கண்ட்ரோல்+வி வரும் பாதையில்தான் கோளாறு என்று அர்த்தம்.

அடுத்து கீபோர்டு. மலிவான கீபோர்டுகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமான கம்பி வலைப்பின்னலில் இருக்கும். சில மூன்று விசைச் சேர்க்கைகளில் மூன்றாவது விசை பதிவாகாமலே போவதுண்டு. விண்டோஸில் வரும் திரைக் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொண்டு உண்மையான விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன். அழுத்த அழுத்தத் திரையிலும் அந்தந்த விசை ஒளிர்ந்தது. அப்புறம் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, திரையில் தெரிந்த கண்ட்ரோல், ஆல்ட், சி மூன்றையும் மவுசால் சொடுக்கினேன். அப்போதும் பெட்டி திறக்கவில்லை. கீபோர்டைத் தொடாமல் அனுப்பியும் போய்ச் சேரவில்லை என்றால் கீபோர்டின் மேல் குற்றம் சொல்ல முடியாது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். புதுக் கீபோர்டு வாங்கும் முன் யாரும் இதைச் செய்துவிடலாம்.

விசைகள் நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றிவிடும் வசதிகள் இரண்டு விண்டோஸில் உண்டு. ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ வருமே, வலது ஷிஃப்டை எட்டு விநாடி பிடித்தால் ‘ஃபில்டர் கீஸ்’ வருமே, அவை இரண்டும் அணைந்தே இருந்தன.

மதியம் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். கண்ட்ரோல்+ஆல்ட்+சி அழகாக வேலை செய்தது. சரி, ஏதோ தற்காலிகக் கோளாறு என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை நன்றாக இருந்தது. வியாழன் காலை வேலை செய்தது, பிற்பகலில் செய்யவில்லை. எப்போதும் கெட்டே கிடக்கும் பொருளைச் சரிசெய்துவிடலாம். சமயத்தில் மட்டும் கெட்டுப்போவதுதான் ஆளை அலைக்கழிக்கும். கையருகே ஒரு தாளை வைத்து மூன்று பத்தி போட்டேன்: நேரம், வேலை செய்ததா இல்லையா, அப்போது என்னென்ன திறந்திருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. எல்லாவற்றிலும் இந்தத் தாள்தான் எனக்கு அதிகம் உதவியது.

தாளில் வரிகள் சேர்வதற்குள் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். விண்டோஸில் ஒரு நிரலின் ஷார்ட்கட் படத்தை வலச்சொடுக்கி ‘பிராப்பர்டீஸ்’ போனால் ‘ஷார்ட்கட் கீ’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சி என்று ஓர் எழுத்தை மட்டும் அடித்தால் விண்டோஸ் தானாகக் கண்ட்ரோல்+ஆல்ட்+சி என்று போட்டுக்கொள்ளும். முகப்புத் திரையிலோ ஸ்டார்ட் மெனுவிலோ அந்தப் படம் இருக்கும்வரை, எந்த நிரலில் இருந்தாலும் அந்த விசை அதற்குத்தான் போகும். எப்போதோ ஒரு நாள் வைத்துவிட்டு மறந்துபோக ரொம்ப வாய்ப்புள்ள இடம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பொறுமை இல்லாததால், விண்டோஸுக்குக் கட்டளைகளை எழுதித் தரும் பவர்ஷெல்லில் ஒரு சிறு சுழற்சி எழுதினேன். ஷார்ட்கட் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ‘ஹாட்கீ’ என்ற பண்பு இருக்கிறது. அது வெறுமையாக இல்லாத கோப்புகளை மட்டும் வரிசையாகக் காட்டச் சொன்னேன். ஒரே ஒரு கோப்பு வந்தது, அதிலும் எழுத்து வேறு. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில், ஒரு விசை அழுத்தம் விண்டோஸுக்குள் எந்த வழியாகப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். மீதிக் கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. விரல் அழுத்தியதும் கீபோர்டு ஓர் எண்ணை அனுப்புகிறது. டிரைவர் அதை வாங்கி உள்ளே தருகிறது. முதலில் அது ‘ஹுக்’ என்று சொல்லும் கொக்கிகளிடம் போகும். எந்த நிரலும் தன் கொக்கியை அங்கே மாட்டி, எல்லா விசைகளையும் எல்லோருக்கும் முன்பாகப் பார்க்கலாம். வேண்டுமானால் விழுங்கியும் விடலாம். கொக்கிகளைத் தாண்டி வந்தால், அந்தச் சேர்க்கையை ஏதாவது நிரல் பொதுவிசையாக, அதாவது எந்தச் சாளரத்தில் இருந்தாலும் தனக்கே வரும்படி, பதிவு செய்து வைத்திருக்கிறதா என்று விண்டோஸ் பார்க்கும். பதிவு இருந்தால் பதிந்தவருக்குப் போகும், கதை அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால்தான் முன்னால் திறந்திருக்கும் சாளரத்துக்கு வரும். அந்த நிரல் தன் சொந்தப் பட்டியலைப் பார்த்து, இந்த விசைக்கு இன்ன கட்டளை என்று முடிவு செய்யும். ரைட்டர் இந்த வரிசையில் கடைசி ஆள். முன்னால் நிற்கும் யார் எடுத்துக்கொண்டாலும், அப்படி ஒரு விசை அழுத்தப்பட்டதே அதற்குத் தெரியாது. பிழைச்செய்தி வராததற்கும் இதுதான் காரணம்.

பொதுவிசைப் பதிவில் ஒரு விதி உண்டு. முதலில் பதிந்தவருக்கே உரிமை. இரண்டாவதாக அதே சேர்க்கையைக் கேட்டு வரும் நிரலுக்கு விண்டோஸ் மறுப்புச் சொல்லி 1409 என்ற பிழை எண்ணைத் தரும். பல நிரல்கள் அந்த மறுப்பைப் பயனருக்குச் சொல்வதில்லை. ஆனால் இந்த விதியையே சோதனையாகத் திருப்பிக்கொள்ளலாம். நானும் அதைத்தான் செய்தேன்.

பைத்தானில் பத்து வரிகூட இல்லாத ஒரு நிரல். விண்டோஸிடம், எனக்கு இந்தப் பொதுவிசை வேண்டும் என்று கேட்பது மட்டும்தான் அதன் வேலை. சேர்க்கை விசைகளுக்கு எண்கள் உண்டு: ஆல்ட் 1, கண்ட்ரோல் 2, ஷிஃப்ட் 4, விண்டோஸ் விசை 8. எனக்குத் தேவை கண்ட்ரோலும் ஆல்ட்டும், ஆகவே 3. சி எழுத்தின் எண் 67. 3, 67 என்று கேட்டேன். சம்மதம் கிடைத்தால் யாரும் அதைப் பதியவில்லை. 1409 வந்தால் வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: சோதனை முடிந்ததும் இந்த நிரலை மூடிவிட வேண்டும். திறந்திருக்கும்வரை அந்த விசை அதன் கையில்தான் இருக்கும், ரைட்டருக்கு வராது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் விசை செத்துக்கிடந்த நேரத்தில் ஓட்டினேன். 1409.

யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் யார் என்று விண்டோஸ் சொல்லாது. எந்த நிரல் எந்த விசையைப் பதிந்திருக்கிறது என்று கேட்டு வாங்க முறையான வழி கிடையாது. நிர்சாஃப்டின் ‘ஹாட்கீஸ்லிஸ்ட்’ போன்ற கருவிகள், பிடிபட்டிருக்கும் சேர்க்கைகளைப் பட்டியல் போட்டுக் காட்டும். ‘ஹாட்கீ டிடெக்டிவ்’ என்ற இன்னொரு கருவி, விசையை அழுத்தும்போது அந்தச் செய்தி எந்த நிரலுக்குப் போகிறது என்று எட்டிப் பார்க்கும். எனக்கு அதை நிறுவக்கூடத் தேவைப்படவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியை விரித்தேன். பன்னிரண்டு படங்கள் இருந்தன. அவற்றில் பாதியை எழுதிக்கொண்டு மூடினேன், சோதனை நிரலை ஓட்டினேன். இன்னும் 1409. அப்படியானால் மீதி ஆறில் ஒன்று. அதில் மூன்றை மூடினேன். சம்மதம் வந்தது. இப்போது மூடிய மூன்றில்தான் ஆள் இருக்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் இரண்டாவதிலேயே அகப்பட்டது. ஒரு நிரலை மூடினால் அது பதிந்திருந்த பொதுவிசைகளும் அதோடு விடுதலையாகிவிடும் என்பதால் இந்தப் பாதி பாதி முறை நன்றாக வேலை செய்கிறது.

அது இணையவழிக் கூட்டங்களுக்குப் பயன்படுத்தும் நிரல். தாளை எடுத்துப் பார்த்தேன். விசை வேலை செய்யாத ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கூட்டம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் சாளரத்தின் பெருக்கல் குறியைச் சொடுக்கி மூடிவிடுவேன். ஆனால் நிரல் மூடாமல் அம்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை மாலை நடந்த கூட்டத்துக்குப் பிறகு கணினியை உறக்கத்தில்தான் போட்டிருந்தேன். அதனால் செவ்வாய் காலை செத்த விசை, மதியம் அணைத்துப் போட்டதும் பிழைத்தது. அதன் அமைப்புகளைத் திறந்தால், பேசுவதை எழுத்தாகக் காட்டும் வசதியை ஏற்றவும் அணைக்கவும் கண்ட்ரோல்+ஆல்ட்+சி என்று போட்டிருந்தது. பக்கத்தில் ‘எல்லா நிரல்களிலும் செயல்படட்டும்’ என்ற பெட்டியில் குறி. கூட்டம் நடக்காத நேரத்தில் அந்தக் கட்டளைக்குச் செய்ய ஒன்றும் கிடையாது. ஆகவே விசையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. அந்தக் குறியை எடுத்தேன். சோதனை நிரலில் சம்மதம், ரைட்டரில் பெட்டி. கூட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பத்துக் கருத்துகள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் சரி.

ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடி போய்விட்டது.

அன்று கூட்டமே இல்லை. அந்த நிரல் ஓடவும் இல்லை. சோதனை நிரலை ஓட்டினால் சம்மதம் கிடைக்கிறது, யாரும் பதிந்திருக்கவில்லை. ஆனாலும் ரைட்டரில் ஒன்றும் நடக்கவில்லை. இங்கேதான் சற்று நேரம் உட்கார்ந்து யோசித்தேன். பதிவுக் கட்டத்தில் தடையில்லை என்றால், சிக்கல் அதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் இருப்பது ரைட்டரின் சொந்தப் பட்டியல். முன்னால் இருப்பவை கொக்கிகள். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி தோன்றியது. சோதனை நிரலை, பதிந்தவுடன் மூடாமல் காத்திருக்கும்படி மாற்றினேன். பொதுவிசை அழுத்தப்பட்டால் விண்டோஸ் பதிந்தவருக்கு 786 என்ற எண்ணுள்ள செய்தியை அனுப்பும். அது வந்தால் திரையில் ‘வந்தது’ என்று எழுதச் சொன்னேன். அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. பதிந்து வைத்துக்கொண்டு காத்திருந்த நிரலுக்கே வரவில்லை என்றால், அதற்கும் முன்னால் யாரோ விழுங்குகிறார்கள். கொக்கிதான்.

தாளில் இருந்த மூன்றாவது பத்தியை மறுபடி படித்தேன். ஞாயிறு இரவு, ரைட்டர், அகராதி, தமிழ்த் தட்டச்சு நிரல். தட்டச்சு நிரல் எப்போதும்தான் ஓடுகிறது. ஆனால் அது தமிழில் இருந்ததா ஆங்கிலத்தில் இருந்ததா என்று நான் எழுதவே இல்லை. உடனே பார்த்தேன். தமிழில் இருந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுக் கண்ட்ரோல்+ஆல்ட்+சி அழுத்தினேன். ‘வந்தது’. தமிழுக்கு மாற்றி அழுத்தினேன். இல்லை. ஆங்கிலம், ‘வந்தது’. தமிழ், இல்லை. ஐந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை.

கருத்து எழுதும்போது முதல் சொல்லைத் தமிழில் அடிக்கத் தட்டச்சைத் தமிழுக்கு மாற்றுவேன். பெட்டியை மூடியதும் சில சமயம் ஆங்கிலத்துக்குத் திரும்புவேன், சில சமயம் அப்படியே விட்டுவிடுவேன். முதல் சில நாள்களில் கூட்ட நிரலின் தடையும் இந்தத் தடையும் மாறி மாறி வந்ததால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடும் என்பதை நான் கொஞ்சம் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

இதில் ஒரு நியாயமான கேள்வி எழும். தமிழ் நிலையிலும் கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+எஸ் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தனவே, கண்ட்ரோல்+ஆல்ட்+சி மட்டும் ஏன் விழுங்கப்பட்டது? காரணம் விண்டோஸின் ஒரு பழைய ஏற்பாடு. ஐரோப்பிய மொழிகளின் கீபோர்டுகளில் வலப்பக்க ஆல்ட்டுக்கு ‘ஆல்ட் ஜிஆர்’ என்று பெயர். ஒரு விசையில் மூன்றாவதாக ஓர் எழுத்தை வைத்து, அதை எடுக்க இந்த விசையைப் பயன்படுத்துவார்கள். ஜெர்மன் கீபோர்டில் மின்னஞ்சலுக்கான அட் குறி வர ஆல்ட் ஜிஆரோடு க்யூ. விண்டோஸ் இந்த ஆல்ட் ஜிஆரை உள்ளுக்குள் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே கருதுகிறது. அமெரிக்க-சர்வதேச அமைப்பில் கண்ட்ரோல்+ஆல்ட்+சி அழுத்தினால் பதிப்புரிமைக் குறி விழுவது இதனால்தான். ஆக, ஒரு தட்டச்சு நிரலின் பார்வையில் கண்ட்ரோல்+சி என்பது கட்டளை, அதைத் தொடாமல் விட்டுவிடும். கண்ட்ரோல்+ஆல்ட்+சி என்பதோ ஓர் எழுத்து. தன் பட்டியலில் அந்த எழுத்தைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, ஒன்றும் எழுதாமல் விசையைக் கீழே போட்டுவிட்டது. கண்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கைகளை நிரல்களில் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் சொல்வதன் பின்னணியும் இதுதான். தமிழிலோ வேறு எந்த மொழியிலோ தனித் தட்டச்சு நிரல் வைத்திருக்கிறவர்கள் இந்தச் சேர்க்கையை நம்பாமல் இருப்பது நல்லது என்று நானும் இப்போது திடமாகச் சொல்வேன்.

கொக்கிகளைப் பற்றி இன்னொரு செய்தியும் தெரிந்துகொண்டேன். கொக்கி மாட்டிய நிரல் பதில் சொல்ல ரொம்பத் தாமதித்தால், விண்டோஸ் அந்தக் கொக்கியைச் சொல்லாமல் கொள்ளாமல் கழற்றிவிடக்கூடும். கழற்றப்பட்டது அந்த நிரலுக்கே தெரியாது. கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் தட்டச்சு திடீரென்று ஆங்கிலத்துக்குப் போய்விடுவதும், நிரலை மூடித் திறந்தால் சரியாவதும் சிலருக்கு நடந்திருக்கும். அப்போது இதையும் சந்தேகிக்கலாம்.

தட்டச்சு நிரலின் அமைப்புகளில் இதற்கு வழியில்லை. எனவே ரைட்டர் பக்கம் விசையை மாற்றுவது என்று முடிவு செய்தேன். புது விசை தேடுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கண்ட்ரோலோடு ஓர் எழுத்து என்றால் ஏறக்குறைய எல்லாம் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆல்ட்டோடு ஓர் எழுத்து என்றால் மெனுக்கள் திறந்துகொள்ளும். விண்டோஸ் விசைச் சேர்க்கைகள் இயங்குதளத்துக்கே ஒதுக்கப்பட்டவை. பொதுவிசையாகப் பதிவதற்கு எஃப்12ஐயும் தொடக்கூடாது, அது, நிரல் எழுதுகிறவர்கள் பிழை தேடப் பயன்படுத்தும் பிழைநீக்கிக்காக எப்போதும் ஒதுக்கப்பட்டது. கண்ட்ரோல்+ஷிஃப்டோடு ஓர் எழுத்து வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அங்கே இன்னொரு சண்டை காத்திருந்தது.

விண்டோஸில் ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளீட்டு மொழிகளோ கீபோர்டு அமைப்புகளோ இருந்தால், இடது ஆல்ட்+ஷிஃப்ட் மொழியை மாற்றும், கண்ட்ரோல்+ஷிஃப்ட் அமைப்பை மாற்றும். கண்ட்ரோல்+ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு, என்ன எழுத்து என்று ஒரு கணம் யோசித்து, அழுத்தாமல் விரலை எடுத்துவிட்டால் போதும். அமைப்பு மாறியிருக்கும். அடுத்த சொல்லை அடிக்கும்போதுதான் கண்ணில் படும். விண்டோஸ் விசை+ஸ்பேஸ் ஒன்றே எனக்குப் போதும் என்பதால் மற்ற இரண்டையும் எடுத்துவிட்டேன். வழி கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. விண்டோஸ் 11இல் அமைப்புகள், நேரமும் மொழியும், தட்டச்சு, மேம்பட்ட கீபோர்டு அமைப்புகள், அதில் ‘உள்ளீட்டு மொழி ஹாட்கீகள்’. திறக்கும் சிறு சாளரம் பழைய காலத்துச் சாயலில் இருக்கும். ‘விசை வரிசையை மாற்று’ என்பதை அழுத்தி, இரண்டு பக்கமும் ‘ஒதுக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இதற்குப் பிறகு என் தட்டச்சில் திடீர் மொழி மாற்றம் நின்றேபோனது. இத்தனை நாள் அதை என் விரலின் தவறு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ரைட்டரில் ‘டூல்ஸ்’ மெனுவின் கீழ் ‘கஸ்டமைஸ்’, அதில் ‘கீபோர்டு’ தாவல். எல்லா விசைச் சேர்க்கைகளும் நீளமாக வரிசையில் நிற்கும், எதிரே அதன் கட்டளை. எதிரே வெறுமையாக இருந்தால் அந்த விசை காலி. செயல்விசைகளில் ஷிஃப்டோடு சேரும் ஒன்று காலியாக இருந்தது. கருத்துக் கட்டளையைத் தேடி அதில் வைத்தேன். வேலை செய்யவில்லை. மறுபடி திறந்து பார்த்தபோது வலது மேல் மூலையில் இரண்டு பொத்தான்களைக் கவனித்தேன்: ‘லிப்ரே ஆபிஸ்’, ‘ரைட்டர்’. முதலாவது எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான பட்டியல், இரண்டாவது ரைட்டருக்கு மட்டும். ஒரே விசை இரண்டிலும் இருந்தால் ரைட்டருடையதே வெல்லும். நான் பொதுப் பட்டியலில் காலியான விசையைத் தேர்ந்திருக்கிறேன், ரைட்டர் பட்டியலில் அதே விசைக்கு வேறு கட்டளை இருந்திருக்கிறது. ரைட்டர் பொத்தானை அழுத்தி, அங்கும் இங்கும் காலியான விசை ஒன்றைத் தேடி வைத்ததும் பெட்டி திறந்தது. பக்கத்திலேயே ‘சேவ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. மாற்றிய விசைகளைத் தனிக் கோப்பாக எடுத்து வைக்கலாம். எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு நிரலுக்குள்ளேயே நடக்கும் இந்த மாதிரிச் சண்டைக்கு, நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோடு நிரலில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. அதன் விசைப் பட்டியலில் ஒரு வரியை வலச்சொடுக்கினால் ‘இதே விசை உள்ளவற்றைக் காட்டு’ என்று வரும். ஒரே சேர்க்கைக்கு ஆறேழு வரிகள் வந்தாலும் பதற வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சூழலில் செயல்படும் என்ற நிபந்தனை இருக்கும், அந்த நிபந்தனையைத்தான் படிக்க வேண்டும். பொருந்தும் வரிகள் பல இருந்தால் கடைசியாக எழுதியது வெல்லும். விசைகளுக்கான துப்பறியும் நிலை ஒன்றையும் கட்டளைப் பட்டியலிலிருந்து இயக்கலாம். அப்புறம் அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும், என்ன வந்தது, எந்தக் கட்டளையோடு பொருந்தியது என்று வரி வரியாக எழுதிக்காட்டும். அந்தப் பதிவில் விசை வரவே இல்லை என்றால் வெளியே தேட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். எல்லா நிரல்களும் இப்படி ஒன்றை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நண்பர் ஒருவருடைய லினக்ஸ் மடிக்கணினியிலும் இதே வாரம் உட்கார நேர்ந்தது. அவருக்குக் கண்ட்ரோல்+புள்ளி வேலை செய்யவில்லை. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11இல் ‘எக்ஸ்இவி’ என்ற சிறு கருவி உண்டு. அது திறக்கும் வெள்ளைச் சாளரத்தில் நின்று விசையை அழுத்தினால், வந்த நிகழ்வுகளை முனையத்தில் எழுதும். சாதாரண விசைக்கு ‘விசை அழுத்தம்’ என்ற நிகழ்வு வரும். வேறு யாரோ பிடித்து வைத்திருக்கும் விசைக்கு அது வராது. அதற்குப் பதிலாகச் சாளரம் கவனத்தை இழந்து திரும்பப் பெற்றதாக இரண்டு நிகழ்வுகள் வரும். அந்த இரட்டை வரியைக் கண்டதும் உள்ளீட்டு முறையின் அமைப்புகளைத் திறந்தோம். ஐபஸ் என்ற அந்த உள்ளீட்டு முறையில் எமோஜி தேர்வுக்கு அந்த விசை ஒதுக்கப்பட்டிருந்தது. அதை நீக்கியதும் சரியாகிவிட்டது. எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலாண்டில் எந்த நிரலும் இப்படி நேரடியாக விசையைப் பிடித்துக்கொள்ள முடியாது, பொதுவிசைகள் சாளரமேலாளர் வழியாகவே போக வேண்டும். மேக்கில் அமைப்புகளின் விசைப் பட்டியலிலேயே, மோதும் வரிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் காட்டும்.

உலாவியில் வேலை செய்கிறவர்கள் நீட்டிப்புகளை மறந்துவிட வேண்டாம். குரோமில் நீட்டிப்புகள் பக்கத்தின் பட்டியலில் ‘குறுக்குவிசைகள்’ என்று தனிப் பிரிவு இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் துணைநிரல் பக்கத்தின் பல்சக்கரப் படத்துக்குள் இருக்கிறது. எந்த நீட்டிப்பு எந்த விசையை வைத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

இப்போது முகப்புத் திரையில் ஓர் எழுத்துக் கோப்பு வைத்திருக்கிறேன். நான் தினமும் பயன்படுத்தும் இருபத்திரண்டு சேர்க்கைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை வைத்திருக்கும் நிரல், அது பொதுவிசையா அந்த நிரலுக்குள் மட்டுமா என்ற குறிப்பு. புதிதாக ஒரு நிரல் நிறுவினால் முதல் வேலையாக அதன் விசைப் பக்கத்தைத் திறந்து இந்தக் கோப்போடு ஒத்துப் பார்க்கிறேன். சோதனை நிரலையும் கொஞ்சம் விரித்தேன். கோப்பில் உள்ள சேர்க்கைகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்து, 1409 வந்தவற்றை மட்டும் காட்டும், முடிந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தானே மூடிக்கொள்ளும். நேற்று ஓட்டியபோது, பொதுவிசைகள் என்று நான் குறித்திருந்த நான்கு மட்டும் வந்தன. கூட்ட நிரல் திறந்திருக்க, தட்டச்சு தமிழில் இருக்க, பதினேழாம் அத்தியாயத்தில் முப்பத்தொரு கருத்துகள் எழுதி முடித்தேன்.